'வரேங்க' என்றார் அப்பா

அன்று அப்பா சொன்ன 'ங்க' யாருக்கு?

ஏழு வருடங்களாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். இதை எழுத உட்கார்ந்து இரண்டு முறை தாளைக் கிழித்தும் போட்டுவிட்டேன். ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இனி முடியாது என்றாகிவிட்டது.

எங்கே கிளம்பினாலும் அப்பா என்னிடம் 'வரேம்மா' என்றுதான் சொல்வார். கடைத்தெருவுக்குப் போனாலும் அதுதான். நான் வெளிநாடு போனபோது விமான நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைத்ததும் அதுதான். அந்த ஒரு நாள் மட்டும், சென்னையில் ஓர் அரங்கத்தின் பின்னறை வாசலில் நின்றுகொண்டு, 'நான் வரேங்க' என்றார். அறைக்குள் இருந்தது இரண்டே பேர். நானும், நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பெண்மணியும். அந்த மரியாதை அவருக்கு என்றால் ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத பெண்மணியிடம் யாரும் அப்படித்தான் பேசுவார்கள். எனக்கு என்றால், சற்று முன் நான் சொன்ன பொய் அப்பாவின் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். விழுந்தது மட்டுமல்ல, அந்தப் பொய்க்கு ஏற்ற மாதிரி அவர் நடித்தும் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பியானோ வாசிப்பவள். மேற்கத்திய செவ்விசை. கல்யாண வரவேற்பில் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பது அல்ல. இருட்டாக்கிய அரங்கில், மேடையில் தனியாக, தாள் பார்க்காமல் முக்கால் மணி நேரம் வாசிப்பது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது எப்படி வாய்த்தது என்று எல்லாரும் கேட்பார்கள். பெரிய கதை ஒன்றும் இல்லை. நான் படித்த கான்வென்ட் பள்ளியின் கூடத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் அதில் வாசிக்க அனுமதித்தார்கள். வீட்டுக்குப் போனால் நூல் சுற்றச் சொல்வார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

வீட்டில் பழகுவதற்காக அப்பா சென்னையிலிருந்து ஒரு பழைய கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கூடத்தில் தறி, அதற்கு எதிர்ச் சுவரோரம் கீபோர்டு. தறி ஓடும்போது என் வாசிப்பு எனக்கே கேட்காது என்பதால் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வேன். அதனால் எங்கள் வீட்டில் யாரும் நான் வாசித்துக் கேட்டதே இல்லை. கட்டைகள் அமுங்கும் டக்டக் சத்தம்தான் அவர்களுக்குத் தெரிந்த என் சங்கீதம். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, பொண்ணு டைப்பிங் கத்துக்குதா?" என்பார்கள். "ஆமாப்பா, கலெக்டர் ஆபீசு இவளுக்கோசரம்தான் காத்துக்கினு இருக்குது" என்பார் அப்பா, தறி நாடாவைத் தள்ளுவதை நிறுத்தாமல். அவர் பேச்சில் பாதி கேலிதான். மின்சார மீட்டர் குறிக்க வருகிறவர் வீட்டுக்காரர் யார் என்று கேட்டால், அம்மாவைக் கை காட்டி, "அவங்கதான் ஓனர், நான் வாடகைக்கு இருக்கேன்" என்று சொல்கிற மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது எனக்குப் பெரிய தொல்லையாக வரப்போகிறது.

பதின்மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சென்னைக்கு ரயிலில் போய்க் கற்றேன். தேர்வுகள் எழுதினேன். கடைசியில் உதவித்தொகையோடு ஐரோப்பாவில் ஓர் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே நாலு வருடம். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பியானோ. காலையில் முதல் ஆளாகப் போனால் ஆறு மணி நேரம் கிடைக்கும். குளிரில் விறைத்த விரல்களை வெந்நீர்க் குழாயில் காட்டிவிட்டுத் தொடங்குவேன். எப்படி உட்காருவது, எப்படி எழுந்து தலை குனிவது, இருமல் வந்தால் எந்த இடத்தில் இருமலாம் என்பதுவரை அங்கே ஒரு முறை உண்டு.

அங்கே போன புதிதில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். ஒருவர் அற்புதமாக வாசித்து நிறுத்தினார். நான் கை தட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண்மணி திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பெரிய படைப்புகளில் மூன்று நாலு பகுதிகள் இருக்கும், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அரங்கமே மூச்சு விடாமல் இருக்கும், எல்லாம் முடிந்த பிறகுதான் கைதட்ட வேண்டும் என்று பிறகு தோழி ஒருத்தி சொன்னாள். அன்று அறைக்கு நடந்து போகும் வழியெல்லாம் காது சூடாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியும். தெரியாமல் கை தட்டுகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், என் முதல் தனிக் கச்சேரிக்கு அப்பாவை அழைத்தபோது இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கச்சேரி, நான் படித்துத் திரும்பிய வருடம் சென்னையில் நடந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. அதற்கு ஒரு மாதம் முன்பு அப்பா கேட்டார், "கச்சேரி முடிஞ்சதும் அவுங்க இன்னாம்மா மரியாத பண்ணுவாங்க?"

"பூங்கொத்து குடுப்பாங்கப்பா."

"பூவா? அது சாயங்காலமே வாடிப்பூடுமே."

அத்தோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அரங்கம் சின்னது. இருநூறு பேர் உட்காரலாம். பெரும்பாலும் சென்னையின் பழைய குடும்பங்கள், பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்புகிறவர்கள், சில வெளிநாட்டுக்காரர்கள். கையில் கொடுத்த நிகழ்ச்சித் தாளில் என்னைப் பற்றி 'தென்னிந்தியாவின் ஒரு கோயில் நகரத்தில் பிறந்தவர்' என்று போட்டிருந்தது. அந்த வரியை எழுதிக் கொடுத்தது நான்தான். ஊர்ப் பெயரும் இல்லை, தறியும் இல்லை. இப்போது படித்தால் அதிலேயே எல்லாம் தெரிகிறது.

அப்பா மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, மடியில் ஒரு துணிப்பை. அம்மா வரவில்லை; அன்று சித்தி வீட்டில் வளைகாப்பு. அப்பா தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தார். மகள் வாசிப்பதை அவர் வாழ்நாளில் முதல் முறையாகக் காதால் கேட்கப் போகிறார் என்பது, விளக்குகள் அணையும்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் வாசித்தது மூன்று பகுதிகள் கொண்ட ஒரு சொனாட்டா. முதல் பகுதி முடிந்ததும் இடைவெளி விடாமல் இரண்டாவதற்குப் போய்விட்டேன். இரண்டாவது மிக மெதுவானது. கடைசியில் ஒரே ஒரு சுரம். விரல் தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்ல. நன்றாக வந்திருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த மௌனத்தை நீட்டினேன். நிஜத்தைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். இருநூறு பேரை மூச்சுப் பிடிக்க வைத்திருக்கிறேன் என்ற கர்வம்.

அப்போதுதான் நாற்காலி ஒன்று மடங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அப்பா மேடைப் படியின் கீழே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மேடை ஏறினார். பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து இரண்டு கையாலும் உதறி விரித்து என் தோளில் போர்த்தினார். எங்கள் ஊரில் நல்ல காரியம் செய்தவர்களுக்குப் போர்த்துகிற மாதிரியேதான், நிதானமாக, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி. போர்த்திவிட்டுக் குனிந்து என் காதில் சொன்னார்: "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஒருத்தரும் கை தட்டலன்னு மனசுல வச்சிக்காத."

நான் அவமானப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கிறார். பாடுபட்டு வாசித்த பெண்ணை இத்தனை பேர் கல் மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று பொறுக்காமல் வந்திருக்கிறார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பித் தானே கை தட்டினார். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு அல்ல. பாதிப் பேர் கூடவே தட்டவும் செய்தார்கள். அப்பா எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. உருவி நாற்காலிக்குக் கீழே போட்டேன். மூன்றாம் பகுதி தொடங்கியதும் அதன் ஒரு முனை பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. குதிகாலால் உதைத்துத் தள்ளினேன். நெய்த பட்டில் தெரியாமல் கால் பட்டுவிட்டால்கூட எங்கள் வீட்டில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நான் தெரிந்தே உதைத்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து மேடையின் தரை நன்றாகவே தெரியும்.

கச்சேரி முடிந்து பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். ஏற்பாடு செய்த பெண்மணி வந்து என் கையைப் பிடித்துப் பாராட்டினார். பிறகு ஆங்கிலத்தில், "உங்களுக்குச் சால்வை போட்டாரே, எவ்வளவு இனிமையான மனிதர், யார் அவர்?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் துளியும் இல்லை. ஏளனம் இருந்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும், அந்தக் கோபத்தில் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"சம்படி ஃப்ரம் மை டவுன்" என்றேன்.

எங்கள் ஊர்க்காரர் யாரோ.

சொல்லி முடித்துத் தலையைத் திருப்பினால் வாசலில் அப்பா. செருப்பு மேடைப் படியின் கீழேயே கிடந்ததோ, கையில் இருந்ததோ, காலில் இல்லை. வெறுங்காலோடு வந்ததால் எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்து, "நேரமாவுது. நான் வரேங்க" என்றார்.

அந்தப் பெண்மணி கை கூப்பினார். அப்பாவும் கூப்பினார்.

நான் "சரிப்பா" என்றேன். அல்லது "சரிங்க" என்றேன். இதுதான் எனக்கு நினைவில்லை. 'சரிங்க' என்று சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக்கே தகுதியில்லாதவள். 'சரிப்பா' என்று சொல்லியிருந்தாலும் தப்பித்தேன் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் 'பா' எல்லாருக்கும் உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் 'பா', கீரை விற்கிறவருக்கும் 'பா'. அந்தப் பெண்மணி அதைக் கேட்டு, இவர்தான் அப்பா என்று புரிந்துகொண்டிருக்க மாட்டார்.

மறுநாள் ஊருக்குப் போனேன். அப்பா தறியில் இருந்தார். "வாம்மா" என்றார், எப்போதும் போல. அந்தக் கச்சேரியைப் பற்றித் தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். தான் மேடை ஏறியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பொன்னாடையைச் சுருட்டிப் பெட்டியின் அடியில் கொண்டு வந்திருந்தேன். விரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டேன். வழக்கமான கோபுரக் கரை போட்ட பொன்னாடை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடி ஓடி வாசித்தேன். பெங்களூரு, கோவா, கொழும்பு, ஒரு முறை ஜெர்மனி. வயலின் வாசிப்பவர் தன் வயலினை எடுத்துக்கொண்டு போவார். பியானோக்காரிக்கு அந்த அரங்கில் என்ன நிற்கிறதோ அதுதான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அழுத்தினால் மேலே எழாது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு புது மிருகத்தோடு அரை நாளில் பழகிக்கொள்ள வேண்டும். எல்லாக் கச்சேரிக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன். "பாவு ஏத்தியிருக்குதும்மா" என்பார். நிஜமாகவே தறியில் எப்போதும் நெய்வதற்கான பாவு நூல் ஏற்றித்தான் இருக்கும். அதனால் அது சாக்கா உண்மையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

கல்யாணம் ஆனது. என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தோம். மகள் பிறந்தாள். பிள்ளையைத் தூக்கித் தூக்கி இரண்டு கட்டைவிரலின் அடியிலும் வலி வந்து எட்டு விரலில் வாசிக்க முடியாமல் நிறுத்தினேன். மருத்துவர் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். நாலு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு கைக்கு எப்படி ஓய்வு கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. நாலு வருடம் மேடை இல்லை. அந்த நாலு வருடத்தில் வாசிக்காததற்கு வருத்தப்பட்டேனா, அப்பா வராத நாற்காலியைப் பார்க்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேனா என்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இந்த வருடம் வலி குறைந்தது. மகளுக்கு நாலு வயது முடிந்தது. அவளுக்கு விளையாட்டாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். சரியான வயதுதானா, நான் என் ஆசையை அவள் மேல் ஏற்றுகிறேனா என்று தினமும் ஒரு சந்தேகம். பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது கறுப்புக் கட்டைகளை எண்ணத்தான். பியானோவில் கறுப்புக் கட்டைகள் சீராக வராது. இரண்டு சேர்ந்து வரும், பிறகு மூன்று, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று. அதை வைத்துத்தான் எந்தக் கட்டை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பியானோ படம் வரைகிறவர்கள்கூட இதில்தான் தப்பு செய்வார்கள். வரிசையாகக் கறுப்பு கறுப்பாகப் போட்டுவிடுவார்கள்.

போன மாதம் ஒரு மதியம் அம்மா வீட்டில் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தோம். மகள் அந்தப் பொன்னாடையை இழுத்துத் தரையில் விரித்தாள். மண்டியிட்டுக் கரையில் விரலை வைத்துக்கொண்டே நகர்ந்தாள். "ரெண்டு. மூணு. ரெண்டு. மூணு." பிறகு நிமிர்ந்து, "அம்மா, இது உன் பியானோ!" என்றாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். அரக்கு நிற உடல். வெள்ளைக் கரை. கரை முழுக்கக் கறுப்புக் கட்டைகள். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, ஒரு தப்பில்லாமல் அந்த முனைவரைக்கும். இரண்டில் தொடங்கி மூன்றில் முடிந்திருந்தது. பெரிய பியானோவில் முதலில் ஒற்றைக் கறுப்பு இருக்கும். இது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த கீபோர்டு. தறியில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது அதுதான். ஒரு முனையில் பெடலின் விளிம்பு பதிந்த அழுக்குக் கறை, ஏழு வருடத்தில் மஞ்சளாகியிருந்தது.

"கறுப்பு நூல் நம்ம தறியில ஏறாதே, எப்படிம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தாள். "அத்த ஏன் கேக்கற! கரையும் ஒடம்பும் வேற வேற கலராச்சே, நெய்ய ரெண்டாளு வேணும், எதிர்ப்பக்கம் குந்திக்கினு நாடா தள்ளுனது நான்தான். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆவாதுய்யா, வேற கலரு போடுன்னு எத்தினி சண்ட! அந்த வெள்ளக்காரன் கறுப்பா செஞ்சி வச்சிருந்தா நான் இன்னாடி பண்றதுன்னாரு. டிசைனுக்கு அட்டையும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. உன் பொட்டியப் பாத்துப் பாத்து எண்ணிக்கினே கையால போட்டாரு. உனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் எதிரே இருந்தாள்.

அன்றுதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "மாமாவுக்கு அந்த இங்கிலீஷெல்லாம் புரிஞ்சிருக்காதும்மா. நீயா போட்டுக் குழப்பிக்காத" என்றார். புரிந்திருக்காதா? தறி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் அப்பா நாலு வார்த்தை பேசுவார். 'மை' தெரியும். 'டவுன்' என்பது டவுன் பஸ்ஸிலேயே இருக்கிறது. 'சம்படி' தெரியுமா என்று தெரியாது. தெரியுமா என்று போய்க் கேட்கவா முடியும்?

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை இருந்ததால் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர அப்பா போனார். ஓரிக்கைச் சாலையில் இருக்கும் மழலைப் பள்ளி. வாசலில் ஒரு காவலாளி. வண்டியிலிருந்து இறங்கியதும் மகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"அம்மா, வாட்ச்மேன் அங்கிள் நீங்க யாருன்னு கேட்டாரு. தாத்தா சொன்னாரு, நான் இந்தப் பாப்பாவுக்கு ஊர்க்காரன்னு!"

அப்பா பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "உடனே இது கத்துச்சு பாரு, இல்ல இல்ல எந்தாத்தா எந்தாத்தான்னு. அந்தாளு பயந்துட்டான்."

வீட்டுக்காரர் யார் என்று கேட்டால் வாடகைக்கு இருக்கிறேன் என்று சொல்கிறவர் இதையும் வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனால் எத்தனையோ வார்த்தை இருக்க, அந்த வார்த்தை ஏன்? நாலு வயதுக் குழந்தை ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சொன்னதைச் சொல்ல இருபத்து மூன்று வயதில் எனக்கு வாய் வரவில்லை. அவள் அப்படிச் சொன்னதைச் சொல்லிச் சொல்லி அப்பா அன்று மாலை முழுக்கச் சிரித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் சென்னையில் மறுபடி வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே சொனாட்டாவைத்தான் தயார் செய்கிறேன். இந்தத் தடவை நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. பாவு ஏற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்ற பயம். முந்தாநாள் நான் அங்கே போயிருந்தபோது அவராகவே தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கச்சேரில முடியறதுக்கு முன்னாடி எத்தினி வாட்டி நிறுத்துவ?"

"ரெண்டு வாட்டிப்பா."

"அப்ப மூணாவது வாட்டிதான் கை தட்டணும்."

"ஆமாம்ப்பா."

நூலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பா வரணும்னு சொல்லிக்கினு இருக்குது. நான் கூட்டியாரட்டுமா? கடைசி வரிசைல குந்திக்கிறோம்" என்றார்.

"இன்னாத்துக்குக் கடைசி வரிசை? நீ பெத்த பொண்ணுதானே?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

"முன்னாடியே உக்காருப்பா" என்றேன். என் கீபோர்டு இருந்த சுவரோரத்தை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே இப்போது மகளின் மூன்று சக்கர சைக்கிள் நிற்கிறது.

அவர் கேட்டிருந்தார் என்றால், ஏழு வருடமாக என்னைக் காட்டிக்கொடுக்காமல் சுமந்துகொண்டிருக்கிறார். நான் வாய் திறக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதே பொய்யை மறுபடி சொல்வதாகத்தான் ஆகும். அவர் கேட்கவில்லை என்றால், நானே போய், 'அப்பா, உங்களை யாரோ என்று சொன்னேன்' என்று சொல்லி, அவர் மனதில் இல்லாத ஒரு காயத்தை நானே போடுவேன். என் பாரம் இறங்கும். அது அவர் தலையில் ஏறும். அதற்குப் பெயர் மன்னிப்புக் கேட்பதா, சுயநலமா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. எதுவும் சொல்லாமல், மேடையிலிருந்தே 'இவர் என் அப்பா' என்று எல்லாருக்கும் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். உடனே, கூட்டத்துக்கு முன் நல்ல பெண்ணாகத் தெரிய ஆசைப்படுகிறேனோ என்று அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு மேடை ஏறலாமா? கறையோடா, சலவைக்குக் கொடுத்துவிட்டா?

கச்சேரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் அப்பாவாக இருப்பவர்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். என் அப்பாவின் இடத்தில் நீங்கள் இருந்தால், மகள் வந்து சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்களா, சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பீர்களா? ஒன்றும் காதில் விழாதவர் போல இருப்பது உங்களுக்கே பிடித்திருக்குமா? மகள்களாக இருந்து, இப்படி ஏதாவது செய்து, பிறகு போய்ச் சொன்னவர்கள் இருந்தால், எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். தயவுசெய்து மூன்று வாரத்துக்குள் எழுதுங்கள். அவர் கடைசி வரிசையில் போய் உட்காருவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.